பின்சீட்டில் மூன்று அத்தைகள்

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலில், ஒரு சனிக்கிழமை முற்பகலில், என்னுடைய சின்னச் சிவப்புக் காரிலிருந்து மூன்று அத்தைகள் இறங்கினார்கள்.

மூவருக்கும் பட்டுச்சேலை. மூவர் தலையிலும் மல்லிகை. பெரியத்தை கையில் வாழைப்பழத் தாம்பாளம். நடுவத்தை கையில் இனிப்புத் தாம்பாளம். சின்னத்தை இடுப்பில் பிள்ளையைப் போல ஒரு பித்தளைக் குத்துவிளக்கு.

வாசலில் இருந்த காவலாளி பதறி எழுந்து வந்தார்.

"புதுவண்டி டெலிவரியாம்மா? அது பக்கத்து பில்டிங். இது ரிப்பேரு."

"ரிப்பேருக்குத்தான்யா வந்திருக்கோம்," என்றாள் பெரியத்தை. "சத்தத்தக் காட்ட வேணாமா?"

காவலாளி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றோடு காரின் வாரண்டி முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் என் கார் அவர்கள் காதுபட ஒரே ஒரு முறை சத்தம் போட வேண்டும்.

சென்ற வாரம் நான் நாற்பது வயதில் லைசென்ஸ் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அப்புறம் அந்தக் கார் என்ன ஆயிற்று என்று என் ஆஸ்பத்திரியின் லிப்ட்காரர் வரை கேட்டுவிட்டார்கள். ஆனது இதுதான்.

எல்லாருடைய கார்

புதிதாகச் சேர்ந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சிம்மக்கல் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். என் அப்பாவின் கூடப்பிறந்த மூன்று அக்கா தங்கைகளும் கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கிறார்கள். அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்.

எங்கள் வகையறாவில் முதல் கார் என்னுடையதுதான். அதனால் அது என்னுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும், "செல்வி வண்டி வருதுல்ல?" என்பார்கள். நான் வருகிறேனா என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். காரைத் துடைக்கும்போது யாராவது தெருவில் போனால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைப்பேன்.

முதல் கடக்

என் அக்கா மகளுக்குச் சமயநல்லூரில் சடங்கு. தாய்மாமன் என் தம்பி. ஆண்கள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சீர்த்தட்டுகளும் அத்தைகளும் என் காரில். பின்சீட்டில் மூவரும் அமர்ந்ததும் காற்று நுழைய இடமில்லை. டிக்கியில் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், ஒரு தார் வாழைப்பழம், தேங்காய்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கினேன்.

கடக்.

"குத்துவிளக்கு சாஞ்சிருச்சு!" என்றாள் சின்னத்தை. வண்டியை நிறுத்திப் பார்த்தோம். விளக்கு ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வேகத்தடை. மறுபடியும் கடக். பெரிய எலும்பு ஒன்று மூட்டிலிருந்து விலகினாற்போல ஒரு சத்தம்.

மறுநாள் கணவரிடம் சொன்னேன். அவர் காரை எடுத்துக்கொண்டு தனியாக நாலு தெரு சுற்றிவிட்டு வந்தார்.

"ஒண்ணுமில்லையே. உனக்குத்தான் கேக்குது."

"அத்தைகளுக்கும் கேட்டுச்சுங்க."

"என் பஸ்ஸுல வராத சத்தமா? சன்னல் ஆடுது, சீட்டு ஆடுது, கண்டக்டர் ஆடுறான். நான் என்ன கம்ப்ளெயிண்ட்டா குடுக்கேன்?"

இருபது வருடம் அரசுப் பேருந்து ஓட்டிய காதுக்குக் கடக் என்பது ஒரு சத்தமே இல்லை. அதை நான் கல்யாணத்துக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

தேங்காய்ப் படலம்

சர்வீஸ் சென்டரில் என்னைக் கவனித்துக்கொண்டவர் விக்னேஷ் என்ற இளைஞர். சட்டையில் சுருக்கம் இருக்காது, பேச்சில் மரியாதை குறையாது. வாக்கியத்துக்கு இரண்டு மேடம் போடுவார். முதல் தடவை காரை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் வயரைச் சொருகிப் பார்த்தார்.

"எந்தக் கோளாறும் காட்டல மேடம். வண்டி சூப்பரா இருக்கு மேடம்."

ஜாப் கார்டு என்று ஒரு தாள் தருவார்கள். வண்டிக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று அதில் எழுதியிருக்கும். என் தாளில் எழுதியிருந்தது, 'சத்தம் எதுவும் இல்லை.'

இரண்டாவது தடவை போனபோது விக்னேஷ் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினார். ஸ்டெப்னி டயருக்கு நடுவில், சமயநல்லூர்ச் சடங்கில் தவறிப்போன ஒரு தேங்காய் சொகுசாகப் படுத்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். விக்னேஷ் அதை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிய விதத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜாப் கார்டில் இம்முறை, 'தேங்காய் அகற்றப்பட்டது.'

என் கணவர் அந்தத் தாளை டிப்போவுக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இந்த வரியை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

தேங்காய் போன பிறகு அத்தைகளை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடக் காரில் கூட்டிப்போனேன். வழியில் ஒரு வேகத்தடை. கடக்.

"தேங்காத்தான் எடுத்தாச்சே?" என்றாள் நடுவத்தை.

தொடாமல் பார்த்த வைத்தியம்

எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய், வண்டி வைத்தியத்தில் கைராசிக்காரர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாரண்டியில இருக்க வண்டிம்மா. நான் ஒரு போல்ட்டத் தொட்டாலும் வெளியில பிரிச்சாச்சுன்னு சொல்லிக் கைய விரிச்சிருவாய்ங்க. நான் பாப்பேன், தொட மாட்டேன்."

கையைக் கட்டியபடியே காரைச் சுற்றிவந்தார். மண்டியிட்டார், எட்டிப் பார்த்தார், மூக்கு ஏறக்குறைய சைலன்ஸரில் முட்டியது. கை மட்டும் பின்னாலேயே இருந்தது.

"பின்பக்க அச்சு இருக்குல்ல, அதத் தாங்குற எடத்துல இருக்கும்போலத் தெரியுது. வாரண்டி தாண்டிருச்சுன்னா மொத்தமா மாத்தச் சொல்லுவாய்ங்க. உங்க ரெண்டு பேரு சம்பளமும் அந்த மாசம் வீட்டுக்கு வராது. அல்லாவே, அதுக்குள்ள எப்பிடியாச்சும் அவுங்களக் கேக்க வையிங்கம்மா."

வாரண்டி முடிய இரண்டு வாரங்கள் இருந்தன. மூன்றாம் தடவை போனேன். எதற்கோ கிரீஸ் தடவி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் உண்மையாகவே சந்தேகம் வந்தது. ஒருவேளை எனக்குத்தான் கேட்கிறதோ? நாலு மாதமாக ஒருவரும் நம்பாத ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தால் சொல்கிறவளுக்கே அது ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

படுக்கவைத்தும் நிற்கவைத்தும்

அந்த வாரம் எங்கள் மருத்துவமனைக்குக் கட்டட வேலை பார்க்கும் ஒரு அம்மா முழங்கால் வலியோடு வந்தார். இது அவருக்கு இரண்டாவது முறை. முதல் முறை நான்தான் படுக்கவைத்துப் படம் எடுத்தேன். "படத்துல ஒண்ணும் தெரியலையேம்மா, டாக்டர் பாத்துச் சொல்லுவாரு," என்று சொன்னவளும் நான்தான்.

"படுத்தா எங்க வலிக்குது தாயி?" என்றார் அவர். "செங்கல்லத் தூக்குனாத்தான் வலிக்குது. உங்க மெஷினு தூங்கும்போது படம் புடிச்சா அதுக்கு என்ன தெரியும்?"

டாக்டர் இந்த முறை நிற்கவைத்து எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்தேன். படுத்திருந்தபோது தாராளமாகத் தெரிந்த மூட்டு இடைவெளி, உடம்பின் பாரம் இறங்கியதும் ஒரு கோடாகச் சுருங்கிப்போயிருந்தது.

"அம்மா, உங்களுக்கு வலி இருக்கு," என்றேன்.

"அத நான் எப்பவோ சொன்னேன்," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த கணமே ஒரு குதி குதித்தேன். அந்த அம்மா பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். விக்னேஷ் ஒவ்வொரு தடவையும் தனியாகத்தானே ஓட்டிப் பார்க்கிறார்? என் கணவரும் தனியாகத்தானே சுற்றினார்? என் காரை எல்லோரும் படுக்கவைத்தல்லவா படம் எடுத்திருக்கிறார்கள்!

சுமைக்கு ஆள் தேவை

முதலில் அரிசி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தேன். கடக் வரவில்லை. மூட்டை போட்ட இடத்தில் மூட்டையாகக் கிடந்தது. என் அத்தைகள் அப்படி இல்லை. பேசும்போது ஆடுவார்கள், சிரிக்கும்போது ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள், வேகத்தடை வந்தால் மூவரும் ஒன்றாகத் தூக்கிப்போட்டு ஒன்றாக இறங்குவார்கள். அந்தச் சத்தத்துக்கு வேண்டியது அந்தப் பாரமும் அந்த ஆட்டமும்தான்.

ஆனால் அதை எப்படிக் கேட்பது? அத்தே, உங்கள் எடை எனக்கு வேண்டும் என்றா? கீழக்குயில்குடிக்குப் போய், காபி குடித்து, வெயிலைப் பற்றிப் பேசி, மாட்டைப் பற்றிப் பேசி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

பெரியத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப எங்க கனத்துலதான் வண்டி அலறுதுங்கிற?"

"அப்பிடியில்ல அத்தே..."

"இருக்கட்டும் புள்ள. நாங்க தூக்காத சுமையா? நெல்லுக்கட்டு, வெறகுக்கட்டு, உங்கப்பன் கல்யாணத்துக்குப் பந்தக்காலு எல்லாம் தூக்கியாச்சு. இப்ப நாங்களே சுமையாப் போயி ஒக்காரப் போறோம். இதவிட லேசான வேல உண்டா? வாரோம் போ."

சிரித்த சிரிப்பில் மூவருக்கும் மூச்சு முட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை. அன்றைக்கு என்ன ஏற்றினோமோ அத்தனையும் ஏற்ற வேண்டும். அதே தட்டுகள், அதே விளக்கு, அதே குடம், அதே தேங்காய்க் கணக்கு. பட்டுச்சேலையும் அதே சேலைதான். சேலையின் எடை இதில் சேராது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே.

குலவை

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை முற்பகலில் நாங்கள் அந்த வாசலில் போய் இறங்கினோம்.

விக்னேஷ் தாம்பாளங்களைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார். விஷயத்தைச் சொன்னேன். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"அஞ்சு பேருக்கு மேல ஏறக்கூடாது மேடம். ஏறுனா ஓவர்லோடு மேடம், வாரண்டி வராது."

"நீங்க, நான், அத்தைங்க மூணு பேரு. அஞ்சு."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு மேலே இருந்த மேலாளரைப் பார்க்க ஒரு மணி நேரம், அவர் அனுமதி தர இன்னொரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாட்டு வேளை. வண்டி கிளம்பும்போது மூன்றரை ஆகிவிட்டது.

பக்கத்துச் சாலையில், ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நல்ல உயரமான வேகத்தடை. விக்னேஷ் ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் மூவரும் ஊர்க்கதை பேசி ஆடிக்கொண்டே வந்தார்கள். ஏறியது. இறங்கியது.

கட... அவ்வளவுதான் கேட்டது. அடுத்த நொடி பின்சீட்டில் மூன்று நாக்குகளும் ஒன்றாகச் சுழன்றன. அத்தைகள் குலவை போட்டுவிட்டார்கள்! நடவு வயலில் ஒரு கரையில் போட்டால் மறுகரையில் கேட்கிற குலவை. நல்லது நடந்தால் அவர்கள் நாக்கு யாரிடமும் உத்தரவு கேட்காது. நாலு மாதம் காத்திருந்த சத்தம் வந்தது அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்த மாதிரி.

விக்னேஷ் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"சாரி மேடம். சத்தம் கேட்டுச்சு. ஆனா எது வண்டிச் சத்தம்னு தெரியல மேடம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். அத்தைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது சுற்றுக்குள் நடுவத்தைக்கு அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. அவள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். கார் பூனைபோல ஏறி இறங்கியது. வரவில்லை. மணி நாலரை.

அந்த நேரத்தில்தான் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு என் கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் விக்னேஷின் முகம் மலர்ந்தது.

"சார் பஸ் டிரைவரா? அப்ப சாரே வந்து கேக்கட்டுமே மேடம். அவருக்குக் கரெக்டாத் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கார், என் கடன், என் காது. ஆனால் மணியும் ஏறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கினேன்.

"நீங்களே ஏறுங்க," என்றேன் கணவரிடம். "என்னையவிட உங்களுக்குக் கனமும் கூட."

நடுவத்தை திரும்பி வந்து நடுவில் ஏறினாள். நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அத்தே, விக்னேஷ் தம்பி தன் வாயால கேட்டுச்சுன்னு சொல்ற வரைக்கும் குலவ கூடாது," என்றேன். மூவரும் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார்கள். கண்ணாடிகள் ஏறின.

நான் நடந்துபோய் வேகத்தடைக்குப் பக்கத்தில் நின்றேன். கார் வந்தது. ஏறியது. இறங்கியது. மூடிய கண்ணாடிக்கு வெளியே, சாலை இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பத்தடி தள்ளிப் போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. கதவு திறக்கவில்லை. யாரும் இறங்கவில்லை. மண்டபத்துக் காக்கை ஒன்று என்னைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. போச்சு, இனி இந்தச் சத்தம் ஆயுசுக்கும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வந்தது. மூடிய நாலு கண்ணாடிகளையும் பிளந்துகொண்டு, மண்டபத்துச் சுவரில் மோதித் திரும்பி, மூன்று அத்தைகளின் குலவை. என் வாழ்க்கையில் அதைப் போல இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. நடுரோட்டில் நின்று கை தட்டினேன். ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஸ்பானரும் கையுமாக வெளியே ஓடிவந்தார்கள்.

முன்கதவு திறந்து என் கணவர் இறங்கினார். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"ஏண்டி, நாலு மாசமா இதக் கேட்டுக்கிட்டேவா வண்டி ஓட்டுன?"

"அத நான் எப்பவோ சொன்னேன்," என்றேன்.

திரும்பாத சீர்

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விக்னேஷ் ஜாப் கார்டை எழுதினார். அச்சை வாரண்டியிலேயே மாற்றித் தருவதாக மேலாளர் கையெழுத்துப் போட்டார். காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கக் கிளம்பினோம். தாம்பாளங்களை நான் எடுக்கப் போனபோது பெரியத்தை என் கையைத் தட்டிவிட்டாள்.

"வீட்ட விட்டு எறங்குன சீரு நெறஞ்ச தட்டா வீடு திரும்பலாமா? ஆகாது."

அவ்வளவுதான். வாழைப்பழம் ஒர்க்‌ஷாப் முழுக்கப் போனது. இனிப்பு மேலாளர் அறை வரை போனது. கிரீஸ் கையோடு லட்டு தின்றவர்களை அத்தைகள் நிற்கவைத்து இன்னொன்று தின்ன வைத்தார்கள். காவலாளிக்கு ஒரு சீப்பு. கடைசியில் மிஞ்சியிருந்த ஒன்றைப் பெரியத்தை எடுத்து, வெற்றிலையில் வைத்து, விக்னேஷின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.

"இந்தா தம்பி. இதையும் எழுதிக்க."

விக்னேஷ் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார்.

அந்த ஜாப் கார்டு இன்றும் என் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. காருக்கு இப்போது சத்தமே இல்லை. ஆனாலும் எப்போதாவது அந்தத் தாளை எடுத்துப் படிக்கிறேன், சில சமயம் கணவருக்குக் கேட்கும்படி உரக்க. அதில் இரண்டே வரிகள். முதல் வரி, 'வாடிக்கையாளர் கூறிய சத்தம் உண்மை.'

இரண்டாவது வரி, 'தேங்காய் பெற்றுக்கொள்ளப்பட்டது.'